ரெண்டு அறுநூத்திப் பதினெட்டு

"அந்த ரெண்டு மட்டும் மங்கிப் போச்சு ருக்குமணி, அதுமேலயே ஒருக்கா அழுத்தமா எழுதி விட்டுடு" அப்படீன்னு சொல்லி மெழுகுப் பென்சிலை எம்பட கையில குடுத்துட்டு சின்ன மொதலாளி வாசல் கேட்டைப் பார்க்கப் போயிட்டாரு. எழுபத்திரண்டு வயசாச்சு, இன்னும் சின்ன மொதலாளிதான். பெரியவர் போய்ச் சேர்ந்து இருபது வருசம் ஓடிப்போச்சு, ஆனாலும் இவருக்கு அந்தச் சின்னது உதிர மாட்டேங்குது. நான் கார் ஷெட்டுல முக்காலி போட்டு உக்காந்திருக்கேன். மடியில கதவுப் போர்டு. கதவுக்கு உள்பக்கமா ரெக்ஸின் ஒட்டி மாட்டுற அட்டை, அதைக் கவுத்துப் போட்டு வெச்சிருக்கேன். மூணடி தூரத்துல அந்தச் செவப்பு இத்தாலிக் காரு, ஒரு கதவு அட்டையில்லாம உள்ளாற தகடு தெரிய நிக்குது. அட்டை முதுகுல ஒரு எழுத்து, அதுக்குப் பக்கத்துல ஆறு, ஒண்ணு, எட்டு. மெழுகு காஞ்சு வெளுத்துக் கெடக்குது. ரெண்டாம். எந்த ரெண்டு? எழுதினவ நான். முப்பத்தொம்பது வருசத்துக்கு முன்னால, இவங்க மில்லு குடோனுக்குப் பின்னாடி தகரக் கொட்டாயில, கரண்டு போன ஒரு மத்தியானம், இவரு வண்டிக்கு மெக்கானிக்கா இருந்த எங்கூட்டுக்காரர் பழைய அட்டையைப் பார்த்து நம்பரைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அது ரெண்டு இல்லீங்க மொதலாளி. அது பிள்ளையார் சுழி.

சுழி போடாம எனக்குக் கை ஓடாது. மளிகைச் சீட்டானாலும் சரி, பால்காரனுக்கு கதவுல எழுதி வெக்கிறதானாலும் சரி, மேல ஒரு உ, அதுக்கு வாலை நீட்டி ஒரு இழுப்பு, அப்பறம்தான் மத்தது. அன்னிக்கு அட்டைக்கு மேல கிளிப்பு மாட்டுற ஓட்டை இருந்துச்சு, எடமில்ல, அதனால பக்கத்துல போட்டு அதையொட்டி நம்பரை எழுதினேன். எழுதி முடிச்சுப் பார்த்தா அவரு சிரிக்கிறாரு. அடி கெரகமே, இத்தாலிக்காரன் வண்டியில பிள்ளையாரைக் கொண்டாந்து உக்கார வெச்சுட்டியேன்னாரு. தின்னர்ல தொடைச்சிரட்டுமான்னு கேட்டேன். இருக்கட்டும் விடு ருக்கு, ரெக்ஸினுக்குப் பின்னாடி எவன் வந்து பார்க்கப் போறான்னு சொல்லிட்டு அட்டையை எடுத்துக் கதவுல வெச்சு அமுக்கினாரு. டக்கு டக்குன்னு எட்டுக் கிளிப்பும் விழுந்துச்சு. அவ்வளவுதான். இத்தனை வருசம் அந்தச் சுழி இருட்டுல இருந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னால ரெக்ஸின் உப்பிப் போச்சுன்னு மொதலாளியே போர்டைக் கழட்டியிருக்காரு. பார்த்திருக்காரு. மலைமேல கான்வென்ட்டுல படிச்ச மனுசன், தமிழ் பேசுவாரு, படிக்கத் தெரியாது. முன்ன ஒருக்கா ஸ்ட்ரைக் நடந்தப்ப இவரு பேரைப் போட்டு ஒழிகன்னு செவுத்துல எழுதியிருந்தாங்க, கார்ல வந்து எறங்கிச் சிரிச்சுக்கிட்டே கையைக் காட்டிட்டுப் போனாரு. வரவேற்பு எழுதியிருக்காங்கன்னு நெனைச்சாராம். அந்த அறிவுக்கு உ ரெண்டாத் தெரிஞ்சதுல என்ன ஆச்சரியம்? போட்டோ புடிச்சு இத்தாலிக்கு அனுப்பி, எம்பட வண்டி பாடி நம்பரு ரெண்டாயிரத்து அறுநூத்திப் பதினெட்டுன்னு எழுதிட்டாரு. அக்கட்ட இருந்து பதில் வந்துச்சாம். அறுநூத்திப் பதினெட்டு எங்க ரிக்கார்டுல இருக்குது, முன்னாடி ரெண்டு போட்ட வண்டியை நாங்க பார்த்ததே இல்லை, போட்டோவுல சரியாவும் தெரியலை, நேர்ல வந்து பார்க்கிறோம்னு. இன்னிக்கு வர்றாங்க. பழைய வண்டிக்கு இது அசல்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கிற ஒரு பெரியவராம், கூட மெட்ராஸ்ல இருந்து பேச்சை மாத்திச் சொல்றதுக்கு ஒரு பொண்ணாம். கையெழுத்து விழுந்துட்டா வர்ற வேசகாலத்து வெயிலுக்கு இந்த வண்டி இத்தாலியில ஏதோ ஏரிக்கரையில கண்காட்சியில நிக்கும், பக்கத்துல இவரு தொப்பி போட்டுக்கிட்டு நிப்பாரு. பதினொண்ணு மணிக்குன்னு சொன்னாரு. இப்ப பத்தேகால் இருக்கும்.

காலையில வர்றப்ப நான் சுழியை நெனைச்சு வரலை, அது நெசம். மறந்தே போயிருந்தேன். டிரைவரு வந்து போர்டு ஒட்டணும் வாங்க, கொட்டாயில ரெக்ஸின் வேலையெல்லாம் நீங்கதானே பார்த்தீங்க, வேற ஆளு கை வெச்சா பழசு மாதிரி வராதுன்னு மொதலாளி சொல்றாருன்னதும் வேற என்னென்னமோ நெனைச்சுட்டு வந்தேன். இந்த ரெக்ஸின் வெட்டுற கத்தியில சீட்டுத் தையலை ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போயிரலாமான்னு நெனைச்சேன். பசை டப்பாவைக் கூரை மேல கவுத்துட்டு ஐயோ கை நழுவிருச்சுங்கன்னு சொல்லலாமான்னு நெனைச்சேன். பஸ்ஸுல வர்றப்ப பூரா இதே சோலி. ஆனா வந்து ஷெட்டுக் கதவைத் தொறந்து இதைப் பார்த்ததும் எனக்குக் கை வரலை. கத்தியை எதுமேல வெக்கிறது? இந்தக் கூரையை அடிச்சது எங்கூட்டுக்காரர். இந்த மட்கார்டு வளைவு அவரோடது. இவரோடதுன்னு சொல்லிக்க இதுல அந்தச் சாவி வளையம்தான் இருக்குது. கத்தியைப் பையிலேயே போட்டுட்டேன்.

சின்ன வண்டிதான். நம்ம மாருதி இருக்குதே, அதைவிடச் சின்ன எஞ்சின், அதுவும் பின்னாடி. அபார்த்துன்னு பேரு, மூக்குல தேள் பொம்மை. கொட்டாயில நாங்க தேளுன்னுதான் சொல்லுவோம். கூரையில ரெண்டு மேடு, பார்த்தா ரெண்டு காங்கயங் காளை ஒட்டி நிக்கிற மாதிரி ரெண்டு திமிலு. மொதமொதல்ல பார்த்தப்ப இதென்ன வண்டிக்குச் சீக்கான்னு கேட்டேன். அவரு வெளக்கமாச் சொன்னாரு. கூரையைத் தணிவா வெச்சாத்தான் காத்து தடுக்காது, ஆனா உக்கார்றவன் தலை இடிக்கும், அதனால தலைக்கு மட்டும் எடம் விட்டு ரெண்டு மேடு, எஞ்சின்ல சத்து கம்மி, அதைப் புத்தியில ஈடு கட்டறான் இத்தாலிக்காரன்னாரு. அதைச் சொல்றப்ப அவரு கண்ணைப் பார்க்கணுமே. எனக்குக்கூட ஒருநாளும் அப்படி மொகம் மலர்ந்ததில்லை, அந்த ஆத்திரம் எனக்கு அப்ப இருந்துச்சு. அந்த வண்டியத்தான் பழைய ஏரோப்ளேன் மைதானத்து ரேஸ்ல இவரு கொண்டுபோய் உருட்டினாரு. மூணாவது சுத்து. வளைவுக்கு முன்னால போட்டோக்காரன் நின்னான், அவனைப் பார்த்து இவரு ஒரு கையைத் தூக்கினாரு. எங்கூட்டுக்காரர் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு. கை எறங்கறதுக்குள்ள வண்டி வைக்கோல் கட்டுல ஏறிக் கவுந்து, ரெண்டு திமிலும் பப்படமா நசுங்கிப் போச்சு. இவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சுது. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே சொன்னாரு பாருங்க, அதை ரேஸ் கிளப்பு ஆளுக அத்தனை பேரும் கேட்டாங்க. பிரேக் புடிக்கலை, திருமூர்த்தி பைப்பு நட்டை முடுக்காம விட்டுட்டான்.

எங்கூட்டுக்காரர் முடுக்காம விட்டாராம். வண்டியைக் கொட்டாய்க்குத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு அவரு என்னைக் கூப்பிட்டாரு. ருக்கு, வந்து கீழ குனிஞ்சு பாரு, நாளைக்கு நான் பொய் சொல்றேன்னு நீயும் சொல்லிறக் கூடாதுன்னாரு. பார்த்தேன். நட்டை முடுக்கினதும் அதுமேலயும் அதுக்கு அடியில இருக்கிற தகட்டுமேலயும் சேர்த்து மஞ்சப் பெயிண்டுல ஒரு பொட்டு வெப்பாரு, அது அவரு பழக்கம். நட்டு ஒரு நூல் நகந்தாலும் பொட்டு ரெண்டா ஒடைஞ்சிரும். ஒடையலை. முழுசா இருந்துச்சு, நேத்து வெச்ச மாதிரி. தோள்ல கட்டுப் போட்டுக்கிட்டு இவரும் வந்து பார்த்தாரு. நான் அங்கதான் சேலையில கையைத் தொடைச்சுக்கிட்டு நின்னேன். பொட்டுமேல வெரலை வெச்சுத் தடவினாரு. அப்பறம் சொன்னாரு, சரி திருமூர்த்தி, மனசுல வெச்சுக்காதே, வண்டியை எந்திரிக்க வை, எந்திரிச்சதும் கிளப்புல நானே எந்திரிச்சு நின்னு சொல்றேன், அதுவரைக்கும் வெளியில மூச்சு விடாதேன்னு. எங்கூட்டுக்காரர் நம்பினாரு. நானும் நம்பினேன், பெரிய எடத்து வார்த்தை.

பதினாலு மாசம். இவரு ஊருக்கெல்லாம் கூரை மட்டும்தான் நசுங்குச்சு, தட்டிக்கிட்டிருக்காங்கன்னு சொல்லிட்டாரு. உள்ள பார்த்தா மூக்குல இருந்து வாலு வரைக்கும் புது அலுமினியம். பழைய பாடியில தேளு பொம்மையும் விளக்கு வளையமும்தான் மிஞ்சுச்சு. புளியங்கட்டையில குழி வெட்டி, அதுல தகட்டை வெச்சு மரச் சுத்தியில தட்டித் தட்டி வளைப்பாரு. தகடு முரண்டு புடிச்சா சவுக்காரத்தை எடுத்து அதுமேல தேய்ச்சுட்டு கேஸ் நெருப்புல காட்டணும், சவுக்காரம் கருகி நெறம் மாறுற நொடியில நெருப்பை எடுத்துடணும், அப்பத்தான் தகடு எளகும், ஒரு நொடி எச்சாப் போனா உருகிரும். சவுக்காரம் தேய்க்கிறது எம்பட வேலை. எங்க ரெண்டு பேரு மேலயும் பதினாலு மாசம் துணி தொவைக்கிற வாசம்தான். தகட்டோட அந்தப் பக்கத்தைப் புடிச்சுக்கறதும் நான்தான். வளையலைக் கழட்டு ருக்கு, தட்டுற சத்தம் காதுல சரியா விழ மாட்டேங்குதும்பாரு, காதாலதான் பார்ப்பாரு அவரு. இடதுபக்கத் திமிலுக்கு அவரே உள்ள உக்காந்து தலையை அளவு வெச்சாரு. வலதுபக்கத்துக்கு நான் உக்காந்தேன். கொண்டை இடிக்குதுன்னேன். கொண்டையை அவுருன்னு சொல்லலை. ஒரு விரக்கடை ஏத்தி அடிச்சாரு. இப்பவும் இங்கிருந்து பார்த்தா எனக்குத் தெரியுது, வலதுபக்கம் ஒரு பொட்டு ஒசரம். இத்தாலிப் பெரியவரு டேப்பு வெச்சு அளந்தா எம்பட கொண்டை வெளிய வரும். எதுக்கு இதை நெனைச்சு இப்ப கண்ணு கலங்கணும்? கலங்கறதுக்கா வந்தேன்?

வண்டி எந்திரிச்சுது. இவரு எந்திரிக்கலை. அடுத்த ரேஸுல செயிச்சு மாலை போட்டுக்கிட்டாரு, கிளப்புல விருந்து, எங்களுக்கு அழைப்பில்லை. எங்கூட்டுக்காரர் ஒருக்கா, ரெண்டு தரம், மூணு தரம் போய் நின்னாரு. பார்க்கலாம் பார்க்கலாம்னு பதில் வந்துச்சு. அதுல எனக்கு ஒண்ணு வெளங்கறதுக்கே வருசமாச்சு. இந்த பாடியை அடிச்சது திருமூர்த்தின்னு இவரால சொல்லவே முடியாது. சொன்னா ஒரு சின்னப் புள்ளைகூடக் கேக்குமே, பிரேக்கை விட்டவன் கையில எவனாவது மறுபடியும் அதே வண்டியைப் பதினாலு மாசம் குடுப்பானான்னு. அதனால அசல் இத்தாலிப் பாடின்னு ஆரம்பிச்சாரு. சொல்லிச் சொல்லி அசலாவே ஆயிப்போச்சு. இவரு எங்கூட்டுக்காரரைக் கொட்டாயை விட்டு நிறுத்தினாரு, வேற எந்த ரேஸ்காரனும் சேர்க்கலை. டவுன் பஸ்ஸு பம்பர் தட்டிக்கிட்டிருந்தாரு. பேரு வெச்சுட்டாங்க. பிரேக்கு திருமூர்த்தி. மொதல்ல பின்னாடி சொன்னாங்க, அப்பறம் மூஞ்சிக்கு நேரா, அப்பறம் அது வசவுங்கறதே மறந்து பாசமாக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க, அதுதான் என்னால தாங்கவே முடியலை. ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஊசி போட வந்த பையன்கூட நீங்கதான் பிரேக்கு அண்ணாவான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். அவரும் ஆமா கண்ணுன்னாரு. பதினோரு வருசத்துக்கு முன்னால அவரு செத்த அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல பசங்க கண்ணீர் அஞ்சலின்னு பிளக்ஸ் வெச்சாங்க. நல்ல மனசோடதான் வெச்சாங்க. அவரு போட்டோ, ரெண்டு பக்கமும் புறா, கீழ பெருசா பிரேக் திருமூர்த்தின்னு. பொணத்தை எடுக்கறதுக்கு முன்னால நான் போயி அதைக் கிழிச்சேன். பைத்தியம் புடிச்சிருச்சுன்னாங்க. அன்னிக்கு கிழிச்சது இன்னும் கை நகத்துல கெடக்குது.

இப்ப கையில மெழுகுப் பென்சில்.  ஒண்ணு தட்டுது. இதுமேல புதுசா எழுதினா, இது இப்ப எழுதினது, கிழவி கிறுக்கிட்டான்னு சொல்லிற மாட்டாரா? பழைய மெழுகை நானே மூடிட்டாச் சாட்சியே போச்சே. தின்னர் பாட்டலு காலுக்கடியில இருக்குது, அதுவேற நீ எதுக்கு வந்தேன்னு கேக்கிற மாதிரி நிக்குது. சித்த இரு. போட்டோ. ரெண்டு மாசத்துக்கு முன்னால மங்கலா இருந்தப்பவே இவரே போட்டோ புடிச்சு இவரே அனுப்பியிருக்காரே. அங்க இத்தாலியில இருக்குதே. இவரு கையாலேயே சாட்சியை ஏரோப்ளேன் ஏத்தியிருக்காரு. அப்ப எழுதலாம். எழுதினா என்ன ஆகும்? போலின்னு சொல்லுவாங்க. போலி பாடி அடிச்சவன் திருமூர்த்தின்னு பேப்பர்ல வரும். என்னையும் கூண்டுல நிறுத்துவாங்களோ என்னமோ.  நிறுத்தட்டும். பிரேக்குங்கறதுக்குப் போலிங்கறது எவ்வளவோ மேல். அசல் இத்தாலின்னு முப்பத்தொம்பது வருசம் ஊரையே நம்ப வெச்ச கைன்னு சொல்லுவாங்க, அதைப் பிளக்ஸுல போடட்டும், நான் கிழிக்க மாட்டேன். அப்படியிருந்தும் எதுக்கு இன்னும் உக்காந்திருக்கேன்? பென்சிலைப் புடிச்சுட்டு எதுக்குத் தவங்கறேன்?

செருப்புச் சத்தம். டீயைத் தானே எடுத்துட்டு வர்றாரு, கப்பு சாசர்ல ஆடுது. கிழவனாயிட்டாரு. எனக்கு அது புடிக்கலை. இத்தனை வருசமா நான் வெச்சிருந்த ஆளுக்கு முப்பத்திரண்டு வயசு, மீசையை முறுக்கிக்கிட்டு ஸ்ட்ரெச்சர்ல கெடந்தவன், இந்தக் கம்பளிச் சட்டை போட்ட கிழவனை எங்கிருந்து கொண்டாந்தாங்க. "குடிம்மா" அப்படீன்னாரு. குடிச்சேன். சக்கரை எச்சு. "ஏனுங்க மொதலாளி" அப்படீன்னேன், நானே எதிர்பார்க்கலை, வாயில வந்துருச்சு. "இன்னிக்கு வர்றவங்ககிட்ட எங்கூட்டுக்காரர் பேரைச் சொல்லுவீங்களா?" கேட்டுட்டு அவரு மூஞ்சியையே பார்த்தேன். சொல்றேன்னு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை வந்திருந்தா அந்தத் தின்னரை எடுத்துத் தொடைச்சுட்டு, நம்பரை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். சத்தியமாப் போயிருப்பேன். அவரு காரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, நெசமாவே வெளங்காத மாதிரி பார்த்தாரு. "அவன் பேரு எதுக்கும்மா இதுல? பாவம், போய்ச் சேர்ந்துட்டான். பழசைக் கிளறாதே. அன்னிக்கு பிரேக்கை விட்டதுக்கு நான் என்ன கேஸா போட்டேன்? பெருந்தன்மையா விட்டுட்டேனே." நடிப்பில்லை.  அந்த மஞ்சப் பொட்டை மறந்தே போயிட்டாரு மனுசன். தான் சொன்ன பொய்யைத் தானே நம்பி, அதுல நல்லவனா வேற ஆயி உக்காந்திருக்காரு. "சரிங்க மொதலாளி" அப்படீன்னேன்.

கண்ணை மூடிக்கிட்டேன். புதுக் கணக்கு நோட்டுல மொத எழுத்து எழுதறப்ப எப்படியோ அப்படி. அப்பறம் பழைய மெழுகுத் தடத்து மேலயே வெச்சு மெதுவா ஒரு சுழி சுழிச்சு, வயித்தைத் தொறந்து, வாலை வலதுபக்கமா நீட்டி ஒரே இழுப்பு.  வாலுக்குக் கீழ வழக்கமாப் போடுற ரெண்டு புள்ளியும் வெச்சேன். மஞ்சப் பென்சில். அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தாரு. "ஆங், இப்பத்தான் ரெண்டு ரெண்டு மாதிரி இருக்கு. என்ன ஸ்டைலா எழுதியிருக்கான் பாரு இத்தாலிக்காரன்" அப்படீன்னாரு. ஆமாங்கன்னேன். இவ்வளவு சிரிப்பை நான் ஒருநாளும் அடக்கினதில்லை, பல்லைக் கடிச்சதுல தாடை வலிக்குது. கேட்டுல ஹாரன் அடிச்சுது. "நீ போர்டைக் கதவுல மாட்டிட்டுச் சமையக்கட்டுப் பக்கமாப் போய் டிபன் சாப்பிட்டுட்டுக் கெளம்பும்மா" அப்படீன்னு வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டே போனாரு. மாட்டறதாம். பார்க்கறதுக்குன்னே வர்றாங்க, மாட்டிட்டு மறுபடி கழட்டறதா. நான் எந்திரிச்சேன், முழங்கால் ரெண்டும் சொடுக்குச்சு, அட்டையை நெஞ்சோட சாத்திப் புடிச்சுக்கிட்டு வண்டிப் பக்கத்துல, வலதுபக்கத் திமிலுக்கு நேரா நின்னேன். காலடிச் சத்தம் ஷெட்டுக்குள்ள வந்துச்சு. மொதல்ல வெள்ளைத் தலையோட ஒரு வெள்ளைக்காரப் பெரியவரு, கையில டார்ச்சு, வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டப் போற மாதிரி நின்னுட்டாரு. பின்னாடி இவரு, வாயெல்லாம் பல்லு. அதுக்கும் பின்னாடி பருத்திச் சுடிதாருல ஒரு பொண்ணு, நெத்தியில சின்னப் பொட்டு, கையில நோட்டு. அது நோட்டைத் தொறந்து புதுப் பக்கத்துல மேல தேதியைப் போடுது. தேதிக்கு முன்னால, யோசிக்காம, பேனா முனையில சின்னதா ஒண்ணைச் சுழிச்சுதே, நான் பார்த்தேன். "யாரும்மா நீ இன்னும் இங்க" அப்படீன்னு இவரு என்னைத் தெரியாத மாதிரி ஆரம்பிச்சாரு. நான் அவரைப் பார்க்கலை. "கண்ணு, உனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா?" அப்படீன்னு அந்தப் பொண்ணைக் கேட்டேன். "தெரியுமே, ஏங்கம்மா" அப்படீன்னுச்சு. நான் அட்டையைத் திருப்பிப் புடிச்சேன்.